முக்காலிக்கு மதிப்பெண் இல்லை

இனிப்புக் கடையின் உள்ளக வடிவமைப்பைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று கேட்கப்படும் என்பதை அறிந்தே இதை எழுதத் துணிகிறோம். உண்மையில், கேட்கப்பட்டும் விட்டது. சங்க இலக்கியம் நடத்துவதை விட்டுவிட்டு ஜிகர்தண்டாக் கடைக்கு வக்காலத்து வாங்கப் புறப்பட்டுவிட்டீர்களா என்று துறை நண்பர் ஒருவர் தேநீர் வேளையில் பகடி செய்தார். அவருக்கான விடை பின்னால் ஓரிடத்தில் வரும். முதலில் விடை சொல்லப்பட வேண்டியவர்கள் வேறு மூவர். ஒரு மாணவியின் வரைபடத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, 'கருத்துரு இல்லை' என்று தீர்ப்பெழுதிவிட்டு மதிய உணவுக்குப் போன நடுவர்கள் அவர்கள்.

நடந்தது இதுதான். நாம் பணியாற்றும் கல்லூரியில் உள்ளக வடிவமைப்புத் துறை ஒன்று சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு இம்முறை தரப்பட்ட செயல்திட்டம், மதுரை விளக்குத்தூண் பக்கம் 10 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்ட கடையறை ஒன்றைச் சிறிய 'டெசர்ட்' கடையாக வடிவமைப்பது. (ஜிகர்தண்டா விற்கும் தெருவில் 'டெசர்ட்' என்பது எதைக் குறிக்கும் என்பதற்கு வினாத்தாளில் விளக்கம் இல்லை; போகட்டும்.) மாணவி ஒருவர் தமிழ்த்துறைக்கு வந்து, "ஐயா, கடைக்கு ஒரு நல்ல தமிழ்ப் பேர் வேணும், போர்டுல எழுதணும்" என்றார். கடையைக் காட்டினால்தானே பெயர் சொல்ல முடியும் என்றோம். அவர் தம் குறிப்பேட்டை நீட்டினார்.

முதல் பத்துப் பக்கங்களில் கடையின் படமே இல்லை. ஜிகர்தண்டா தயாரிக்கும் ஒருவரின் ஒரு நாள் வேலை மணிவாரியாக எழுதப்பட்டிருந்தது. பால் சிறு தீயில் மணிக்கணக்காகச் சுண்டி, வெண்மை போய்ப் பழுப்பேறும் வரை அடுப்பை விட்டு அகல முடியாது. முந்தைய இரவே ஊறப் போட்ட பாதாம் பிசின் காலையில் பளிங்குபோல் உப்பி நிற்கும். அதில் தூசு துரும்பு பார்த்து எடுக்க வேண்டும். நன்னாரிப் பாகு தனியாக, ஐஸ்கிரீம் தனியாக. விற்பனை தொடங்கிவிட்டால் ஒவ்வொரு கண்ணாடித் தம்ளருக்கும் பிசின், பாகு, சுண்டிய பால், மேலே ஐஸ்கிரீம் என நான்கு பாத்திரங்களுக்குக் கை போய்த் திரும்ப வேண்டும். காலியான தம்ளர் கழுவுமிடத்துக்குப் போய் மீண்டு வர வேண்டும். அவர் கை நீளும் தூரத்தை இம்மாணவி நாடாவால் அளந்திருக்கிறார். "என்ன பாப்பா, சட்டை தைக்கவா அளவெடுக்குறே?" என்று அந்த மனிதர் கேட்டதையும் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். காலை பதினொன்றிலிருந்து இரவு பத்து வரை அவர் உட்கார்ந்த நேரம் இருபத்தைந்து நிமிடம். உட்கார்ந்த பொருள், கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி. முதலாளி வெளியே போயிருந்தபோது.

பெயர் வைப்பதை நாம் அன்றே மறந்துவிட்டோம். குறிப்பேட்டைப் படித்து முடிக்கவே மாலையாயிற்று.

கண்காட்சி நாளில் சென்று பார்த்தோம். முப்பதுக்கும் குறையாத பலகைகள். எல்லோருக்கும் அதே 180 சதுர அடிதான். அவற்றுள் பாரிஸ் நகரம் ஆறேழு முறை வந்து போயிற்று. வெளிர் சிவப்புச் சுவர், இரும்புக் கம்பியில் வளைத்த ஐஃபில் கோபுரம், நெகிழிப் புல் பதித்த பின்னணியில் ஒளிரும் ஆங்கில வாசகம், அதன் முன் படம் எடுத்துக்கொள்ள ஓர் ஊஞ்சல். பாரிஸுக்கு மாற்றாக இன்னொரு கூட்டம் 'கிராமம்' செய்திருந்தது. சுவரில் வண்டிச்சக்கரம், உறியில் தொங்கும் வெற்றுப் பானைகள், தரையில் ஒட்டிய கோலம், மேசை விளக்குக்குக் கூடாக ஒரு மூங்கில் முறம். இவ்விரண்டும் எதிரெதிர் முகாம்கள் என்று அத்துறையில் கருதுகிறார்கள் போலும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸை அறியாதவர் மாட்டிய கோபுரமும், வண்டியில் ஒருநாளும் பாரம் ஏற்றாதவர் மாட்டிய சக்கரமும் ஒரே ஆணியில்தான் தொங்குகின்றன. இதைச் சொல்லும்போது நம் எழுத்தாளர்களையும் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. வட்டாரச் சொல் நான்கையும் கம்பங்கூழையும் சுவரில் மாட்டிவிட்டு அதை மண்ணின் நாவல் என்று விற்பது நம் பக்கத்திலும் நடக்கிற வாணிபம்தான்.

பலகைகளில் மனிதர்கள் இருந்தார்கள். கணினியில் வரையும் மென்பொருள்களில் ஆயத்தமான மனித உருவங்கள் கிடைக்கின்றன. வேண்டியவரை எடுத்துப் படத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நாம் ஒவ்வொரு பலகையாக நின்று எண்ணினோம். சிரித்துக்கொண்டு தம்ளரை உயர்த்தும் இளைஞர்கள், கைப்பேசி பிடித்த பெண்கள், பலூன் கையிலேந்திய குழந்தை, ஒன்றிரண்டு வெளிநாட்டவர்கூட. எல்லோரும் வாடிக்கையாளர்கள். மேடைக்குப் பின்னால் எவரும் இல்லை. அத்தனை கடைகளிலும் இனிப்பு தானாகவே சமைந்து, தானாகவே தம்ளரில் இறங்கி, தம்ளர் தன்னைத்தானே கழுவிக்கொண்டது. அடுப்பு எங்கே என்று ஒரு மாணவரிடம் கேட்டோம். "பின்னாடி வரும் சார்" என்றார். பின்னால் என்பது மூன்றடி அகலத்தில் 'சேவைப் பகுதி' என்று எழுதிச் சாம்பல் நிறம் பூசிய ஒரு பட்டை. சன்னல் இல்லை, புகைபோக்கி இல்லை. அதற்குள் பாலை நான்கைந்து மணி நேரம் சுண்டவைக்க வேண்டிய மனிதரை எண்ணிப் பாருங்கள். அம்மாணவரைக் குறை சொல்ல மாட்டோம். அவருக்கு அதைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை.

இனி, நம் மாணவியின் பலகை. 18 அடி நீளத்தில் பின் 7 அடியைத் தயாரிப்புக்கு ஒதுக்கியிருந்தார். அதாவது 70 சதுர அடி. அடுப்பு ஒரு பக்கச் சுவரில், உறைபெட்டி எதிர்ச் சுவரில். குளிர்பெட்டியின் முதுகு வெப்பத்தை வெளியே தள்ளும், அடுப்பின் சூடோ அதற்குள் புகப் பார்க்கும், ஆகவே இரண்டையும் அருகருகே வைத்தால் மின்கட்டணமும் வியர்வையும் கூடும் என்று ஒரு வரி விளக்கம். அடுப்புக்கு மேல் புகை வெளியேற்றி. பொய்க்கூரை கிடையாது, பாலாவி படிந்து பூசணம் பூக்கும் என்பது காரணம். தரை கழுவுநீர் ஓடும்படி வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தது. பரிமாறும் மேடையில் நான்கு பாத்திரங்களும் ஒரு கையெட்டும் வளைவுக்குள் அமைந்திருந்தன. மேடையின் உயரம் 36 அங்குலம். அதனடியில், சுவரோடு மடியும் இரண்டு உயர முக்காலிகள், பலகை 26 அங்குல உயரத்தில், கால் வைக்க ஒரு குறுக்குக் கம்பி. கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்தபடியே தம்ளரை நிரப்பலாம். வாடிக்கையாளருக்குக் கடைக்குள் நாற்காலி இல்லை. நின்று குடிக்க ஒரு நீண்ட பலகை, முதியவர்களுக்கு வாசலில் ஒரு திண்ணை.

நடுவர்கள் சொன்னவை மூன்று. வருமானம் தரக்கூடிய இடத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பின்கட்டுக்கு வீணடித்துவிட்டாய். படம் எடுத்துக்கொள்ள ஒரு மூலைகூட இல்லையே, இந்தக் கடைக்கு யார் வருவார்கள்? முக்காலி போடுவது முதலாளியின் விவகாரம், அது வடிவமைப்பு ஆகாது. பாரிஸ் ஒன்றுக்கு முதலிடம் கிடைத்தது. நம் மாணவிக்குத் தேர்ச்சிக்கு வேண்டிய அளவு மதிப்பெண்.

முதற்கூற்றில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் கடை வாடகை என்ன என்பதை மதுரைக்காரர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் அடியும் சம்பாதித்தாக வேண்டும். ஆனால் ஜிகர்தண்டாக் கடையில் சம்பாதிப்பது எது? அங்கே யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அரட்டை அடிப்பதில்லை. வருகிறார்கள், நின்று குடிக்கிறார்கள், போகிறார்கள். அக்கடையின் வருமானம் நாற்காலியின் எண்ணிக்கையில் இல்லை, பரிமாறுபவரின் கையில் இருக்கிறது. உறைபெட்டி மூன்று எட்டுத் தள்ளி இருந்தால் ஒரு தம்ளருக்குப் போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு எட்டு. ஒரு நாளைக்கு 400 தம்ளர் என்று வைத்துக்கொண்டால் 2,400 எட்டுகள் வீண். இக்கணக்கை அம்மாணவி பலகையின் கீழ் மூலையில் எழுதியிருந்தார். படிக்க ஒரு நிமிடம் போதும்.

இரண்டாம் கூற்றுக்குத் திருநெல்வேலியிலிருந்து விடை சொல்லலாம். நெல்லையப்பர் கோயில் எதிரே, மாலையில் மட்டும் திறக்கும் ஓர் அல்வாக் கடை, தன் மங்கலான விளக்கொளியாலேயே 'இருட்டுக்கடை' என்று பெயர் பெற்று ஊர்ப் பெயரோடு கலந்துவிட்டது. அங்கே வரிசையில் நிற்பவர்கள் சுவரைப் பார்க்க நிற்கவில்லை. (இதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டு 'இருட்டு தீம்' என்று யாரேனும் ஒரு பலகையைக் கறுப்படிக்காமல் இருக்க வேண்டும்.)

மூன்றாவதுதான் நம் இரத்தக் கொதிப்பை ஏற்றியது. முக்காலி வடிவமைப்பு ஆகாதாம். தாம் கற்பிக்கும் துறையின் வரலாற்றையே அறியாமல் சொல்லப்பட்ட வாக்கியம் அது. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக்கலைஞர், ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி எழுப்பிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் 70 சதுர அடியை ஒட்டித்தான் வரும். வேலை செய்யும் பெண் எத்தனை அசைவுகள் அசைகிறாள் என்பதைக் கணக்கிட்டு உருவான அறை அது. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டது. நவீன உள்ளக வடிவமைப்பு வரலாற்றில் 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை'க்குத் தனியிடம் உண்டு. அந்த அறையில், சன்னலோர வேலைப் பலகையின் முன் அவர் எதை வைத்தார் தெரியுமா? ஒரு சுழல் முக்காலி. உட்கார்ந்து காய் நறுக்க.

அவ்வளவு தொலைவு போக வேண்டாமெனில் அகமதாபாத் வரை போகலாம். 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அங்கே தோன்றியது. அதற்குக் காரணமாயிருந்தது சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1958இல் எழுதித் தந்த இந்திய அறிக்கை. இந்தியாவில் தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்த வடிவம் என்று அவர்கள் வியந்து எழுதியது லோட்டாவை, அதாவது நம் சொம்பை. சொம்பின் அழகைப் பற்றி அவர்கள் உருகவில்லை. இடுப்பிலும் தலையிலும் எடுத்துச் செல்ல எப்படி, சாய்த்து ஊற்ற எப்படி, கழுவ எப்படி, விலை என்ன, பழைய உலோகமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். இந்த நாட்டின் வடிவமைப்புக் கல்வி அப்படியொரு கேள்விப் பட்டியலிலிருந்து தொடங்கியது. அதே நிறுவனம் 1997இல் இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து நூலாக்கியது. ஏனெனில், மேலைப் பாடநூல்களின் அளவுகள் மேலை உடம்புகளுக்கானவை. லெ கொர்புசியே வகுத்த 'மாடுலர்' அளவுமுறையோ ஆறடி உயர ஆண் ஒருவனைச் சுற்றிச் சுழல்வது. விளக்குத்தூணில் நிற்கும் நம் மனிதர் ஐந்தடி மூன்றங்குலம். அவரை அளந்து மேடை வரைந்த மாணவிக்குக் கருத்துரு இல்லையாம்.

நிற்க. நிற்க என்ற சொல்லையே எழுதக் கூசுகிறது, இவ்விடத்தில்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்றொரு தெரு உண்டு. அல்வாவால் பெயர் பெற்ற தெரு. அத்தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு நாள் முழுதும் உட்கார அனுமதி இல்லை, கழிப்பறையும் இல்லை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். விஜி என்னும் தையல் தொழிலாளி முன்னின்று அமைத்த 'பெண்கூட்டு' என்ற அமைப்பு முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு இருக்கைக்காகவும் போராடியது. உட்காரும் உரிமை கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள ஏதுவாக ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது திரையரங்கில் கலங்கியவர்கள் நாம். பதினொரு ஆண்டு கழித்துச் சட்டம் வந்ததைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

ஆக, நடுவர்கள் முதலிடம் தந்த அந்தப் பாரிஸை நாளைக்கே ஒருவர் கட்டி எழுப்பினால் அது தமிழ்நாட்டுச் சட்டத்தை மீறிய கடையாக இருக்கும். சட்டத்தை ஒட்டி நின்ற ஒரே பலகை, நாம் பார்த்தவரை, தோல்வியின் விளிம்பில் மதிப்பெண் பெற்றது. முக்காலி முதலாளியின் விவகாரம் என்று சொல்வோர் ஒன்றை யோசிக்க வேண்டும். முதலாளி முக்காலி போட நினைத்தாலும் போட இடம் எங்கே? இரண்டடிச் சந்தாக மேடைக்குப் பின்புறம் வரையப்பட்டுவிட்ட கடையில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் கடந்து போக முடியாது. ஒரு மனிதர் பதினோரு மணி நேரம் நிற்பாரா உட்காருவாரா என்பது கடை திறந்த பிறகு முடிவாவதில்லை. வரைபலகையில் அந்த இரண்டடியைக் கோடிழுத்தபோதே முடிவாகிவிடுகிறது. அதைச் செய்த கை அழகியலின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

இப்போது துறை நண்பருக்கு. பெரும்பாணாற்றுப்படையைப் பாடமாக நடத்துகிறவர் அவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் ஓரிடத்தில் ஓர் உவமைக்காக இனிப்பு ஒன்றைக் கொண்டுவருகிறார். பாகு சேர்த்து வார்த்த, பாலில் இட்ட அப்பம். உவமைக்கு அப்பம் மட்டும் போதும். ஆனால் புலவர் அத்தோடு நிறுத்தவில்லை. அப்பம் சுட்டு விற்கும் கூவியர் வருகிறார். அவர் கையாளும் அகல் வருகிறது. அந்த அகல் கரியேறிக் கறுத்திருப்பதும் வருகிறது. இனிப்பைச் சொல்லும் ஒரு நொடியில், அடுப்பில் கறுத்த சட்டியையும் அதன்முன் இருப்பவரையும் சேர்த்துப் பார்த்த கண் அது. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்திலும் அந்தக் கூவியருக்கு இடமுண்டு. இளங்கோ அங்காடியைச் சொல்லும்போது பண்டத்தைச் சொல்லிப் பண்டம் செய்தவரை விட்டுவிடவில்லை. இவற்றை முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திவிட்டு, அதே வளாகத்தின் மறுகோடியில் கூவியர் இல்லாத கடைகளுக்குப் பரிசு வழங்கப்படுவதைப் பார்த்து வாளாவிருப்பதற்கு நாம் முதுகலை படிக்கவில்லை. சங்க இலக்கியத்தை விட்டுவிட்டு ஜிகர்தண்டாக் கடைக்குப் போனோமா என்றால், அது போன வழி இதுதான்.

மாணவியின் பலகை குறையற்றது என்று சொல்ல மாட்டோம். எழுத்துகள் பொடிப்பொடியாக, படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, பார்ப்பவரை அழைக்காத பலகை அது. குப்பைக்கூடைக்கு இடம் விடவே மறந்திருந்தார். மஞ்சள் தூக்கலான விளக்கைத் தேர்ந்திருந்தார்; அதில் பழுப்புப் பால் இன்னும் பழுப்பாகி அழுக்குபோல் தெரியும் என்று கடைக்காரரே சொல்லியிருப்பார். தமிழில் எழுதிய தலைப்புகளில் நான்கு ஒற்றுப்பிழைகள். திருத்திக் கொடுக்காதது நம் பிழை. இவற்றுக்காக மதிப்பெண் குறைத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். குறைத்தது அவர் சரியாகச் செய்தவற்றுக்காக.

அதைவிட மோசம் அதன்பின் நடந்தது. வாரம் ஒன்று கழிந்து அவரை நூலகத்தில் கண்டபோது, அடுத்த செயல்திட்டத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டோம். "தீம் ஏதாவது எடுத்துக்கிறேன் ஐயா" என்றார். பட்டம் பெற்று ஓர் அலுவலகத்தில் சேர்ந்து இனி இவர் நாற்பது ஐம்பது கடைகள் வரைவார். அத்தனையிலும் மேடைக்குப் பின்னால் இரண்டடிதான் விடுவார் என்றால் அதைக் கற்பித்தவர்கள் அம்மூவரும், பேசாமல் இருந்திருந்தால் நாமும்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறோம். தயங்கினார், பிறகு எழுதித் தந்தார். ஒற்றுப்பிழை பார்த்தாயிற்று. விண்ணப்பத்தோடு 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் படியும் குறிப்பேட்டின் முதல் பத்துப் பக்கங்களின் படியும் இணைக்கப்பட்டுள்ளன. நடுவர்கள் மூவருக்கும் நாம் ஓர் அழைப்பும் அனுப்பியிருக்கிறோம். எந்தச் சனிக்கிழமையும் வரலாம். கடைக்காரரிடம் பேசிவிட்டோம், அவருக்கு ஆட்சேபணை இல்லை. மாலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை மேடைக்குப் பின்னால் நின்று தம்ளர் நிரப்ப வேண்டும். பால் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. மூவரும் முறை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.